வானிலை அறிய ஒரே தளம் போதுமா?

முகிலன்:
வானிலை பார்ப்பதற்கென்று ஐந்தாறு தளங்களைத் திறந்து வைத்துக்கொள்வது வீண்வேலை என்றே கருதுகிறேன். விண்டி என்னும் வானிலை வரைபடத் தளம் ஒன்று போதும். காற்று, மழை, மேகம், அலை அனைத்தும் ஒரே வரைபடத்தில் தெரிகின்றன, வானிலையைக் கணினியில் கணக்கிட்டு முன்னறிவிக்கும் மாதிரிகளில் ஐரோப்பிய மாதிரியையும் அமெரிக்க மாதிரியையும் மாற்றி மாற்றிப் பார்க்கவும் முடிகிறது. கருவிகள் பெருகினால் குழப்பம்தான் பெருகும்.

செங்காந்தள்:
விண்டி பயனுள்ளது என்பதில் மறுப்பில்லை. ஆனால் அதன் முன்னறிவிப்பு வரைபடத்தில் தெரியும் வண்ணம் அளந்த மழை அன்று, கணக்கிட்ட மழை. நீங்கள் சொல்லும் ஐரோப்பிய மாதிரி ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகவும், அமெரிக்க மாதிரி ஏறத்தாழ 13 கிலோமீட்டர் கட்டங்களாகவும் பூமியைப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு குன்றும் அதன் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், இரண்டுக்கும் மாதிரி தருவது ஒரே மழைதான். இப்போது மழை பெய்கிறதா என்று அறிய ரேடார் படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பார்ப்பதே முறை.

முகிலன்:
நாளை பயணம் போகலாமா என்று கேட்பவரிடம் கட்டத்தின் அளவைப் பேசி என்ன பயன்? இரண்டு மாதிரிகள் இரண்டு விதமாகச் சொன்னால் அவர் எதை நம்புவார்?

செங்காந்தள்:
அந்த வேறுபாடே அவருக்குத் தேவையான தகவல் என்கிறேன். தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறிய பிழையும் நாள் செல்லச் செல்லப் பெருகிவிடும் என்பதை அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963இலேயே காட்டிவிட்டார். அதனால்தான் ஐரோப்பிய மாதிரியை இயக்கும் ஐரோப்பிய வானிலை மையம் ஒரே முன்னறிவிப்பைச் சற்றே மாறுபட்ட தொடக்கங்களுடன் 51 முறை கணக்கிடுகிறது. அவை நெருங்கி வந்தால் துணிந்து திட்டமிடலாம். சிதறிக் கிடந்தால் பத்தாம் நாளுக்கு ஒரு செயலி காட்டும் ஒற்றை மழைத்துளிப் படத்தை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. இந்தச் சிதறலைக் காட்டும் வரைபடங்கள் அம்மையத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

நீர்முள்ளி:
இருவரும் வானிலையை மட்டுமே பேசுகிறீர்கள். ஓர் இடத்தின் மழை முப்பது ஆண்டுகளில் குறைந்திருக்கிறதா என்பது காலநிலைக் கேள்வி. அதற்கு முன்னறிவிப்புத் தளம் எதுவும் விடை சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவுக் கிடங்கில் பதிவு செய்துகொண்டால் ஈஆர்ஏ5 என்னும் மறுபகுப்பாய்வுத் தரவு, அதாவது பழைய அளவீடுகளை மாதிரியோடு இணைத்துக் கடந்தகால வானிலையை மீட்டமைத்த தரவு, 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கும். புதியவர்கள் நாசாவின் பவர் தளத்தில் தொடங்கலாம்; வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் 1981 முதலான நாள்வாரித் தரவு அட்டவணைக் கோப்பாக வந்துவிடும்.

செங்காந்தள்:
இதில் நான் உங்களோடு உடன்படவில்லை. மறுபகுப்பாய்வும் மாதிரியின் வழியே வருவதுதான். ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டத்தின் சராசரி, ஒரே இடத்தில் கொட்டித் தீர்த்த பெருமழையை மட்டுப்படுத்தியே காட்டும். பக்கத்து நிலையத்தின் மழைமானிப் பதிவு இருக்கும்போது அதை விட்டுவிட்டு இதை எடுப்பது எனக்கு ஏற்புடையதன்று.

நீர்முள்ளி:
பதிவு தொடர்ச்சியாக இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நிலையங்கள் இடம் மாறுகின்றன, கருவிகள் மாற்றப்படுகின்றன, சில ஆண்டுகளின் பதிவே இல்லாமல் போகிறது. அந்த மாற்றங்களைக் கவனிக்காமல் போக்கைக் கணக்கிட்டால், கருவி மாறியதைக் காலநிலை மாறியதாகப் படித்துவிடுவோம். நான் இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, எங்கே பிரிகின்றன என்று பார்த்த பிறகே முடிவுக்கு வருவேன்.

முகிலன்:
காலநிலைக்கு விண்டி போதாது என்பதை ஏற்கிறேன். ஆயினும் புயல் உருவாகும் நாட்களில் ஆளுக்கொரு மாதிரியைத் திறந்து, பத்து நாள் கழித்து வரப்போவதாகக் காட்டும் ஒற்றைப் படத்தைப் பலருக்கும் அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. அந்நாட்களில் அந்தந்த நாட்டு வானிலைத் துறையின் எச்சரிக்கையையே பார்க்க வேண்டும். உலக வானிலை அமைப்பு அவற்றைத் தன் தளத்தில் ஒருசேரத் திரட்டித் தருகிறது.

செங்காந்தள்:
அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. 51 கணக்கீடுகளையும் படிக்கத் தெரிந்தவர்கள்கூட அன்று முதலில் திறக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.