ஜீப் பின் ஆக்ஸிலில் உறுமல்: வீட்டிலேயே கிரவுனை இறக்கிப் பார்க்கலாமா?

கோத்தகிரி ஜீப்
வணக்கம். எங்களிடம் இருப்பது அப்பா காலத்து மஹிந்திரா ஜீப். தோட்டத்திலிருந்து தேயிலைக் கொழுந்து மூட்டை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போய் வருவதுதான் அதற்கு வேலை. இரண்டு வாரமாக 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் "ஊ" என்று உறுமுகிறது. பட்டறையில் காட்டினேன். கழற்றிக்கூடப் பார்க்காமல் "கிரவுன் பினியன் போச்சு, செட்டாக மாத்தணும்" என்றார்கள். பின் ஆக்ஸில் நடுவே டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் இருக்கும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடியைத்தான் சொல்கிறார்கள். அந்தச் செலவு இப்போது முடியாது. ஸ்பேனர் செட், இரண்டு ஜாக்கி இருக்கின்றன. கிளட்ச் பிளேட் நானே மாற்றியிருக்கிறேன், டிஃபரன்ஷியலைத் தொட்டதில்லை. எங்கே ஆரம்பிப்பது?

மேட்டுப்பாளையம் மெக்கானிக்
இறக்கலாம் தம்பி. அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தம், காலை எடுத்தால் வேறு சத்தம் என்று மாறுகிறதா? மாறினால் பல் மேல் சந்தேகம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங். வளைவில் மட்டும் கடகடவென்றால் உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் என்ற சின்னப் பல்சக்கரங்கள். இதைச் சமமான ரோட்டில் பாருங்கள். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பார்க்கவே வேண்டாம்.

கூடலூர்க்காரன்
ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினால் சத்தம் கூடிக் குறைகிறதா என்றும் பாருங்கள் அண்ணா. அப்படியிருந்தால் அது வீல் பேரிங், டிஃபரன்ஷியலை இறக்கவே வேண்டாம். அப்புறம், மழைக்காலத்தில் ஓடையில் இறங்கினீர்களா?

கோத்தகிரி ஜீப்
பார்த்துவிட்டேன். மிதித்தாலும் விட்டாலும் ஒரே சத்தம், ஸ்டீயரிங்கை ஆட்டினாலும் மாறவில்லை. தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓடை உண்டு, மழையில் தினமும் அதில் இறங்கித்தான் ஏறுவோம். டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டால் ஆயில் பால் காப்பி நிறத்தில் வருகிறது.

கூடலூர்க்காரன்
தண்ணீர்தான். ஓடிச் சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பிரீதர் (ஆக்ஸில் மேல் இருக்கும் காற்றுத் துளை) அடைத்திருந்தால் அது ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். என் வண்டியிலும் இதேதான் நடந்தது. பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

மேட்டுப்பாளையம் மெக்கானிக்
சரி, இனி இறக்குவதுதான் வழி. பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் வண்டி நிற்கும் இடம். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (கியர் பாக்ஸை அடுத்து, முன்-பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பின்னால் பிரேக் டிரம் இருந்தால், உங்கள் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கவில்லை, பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலே டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிட்டு வண்டியை உருள விட்டுவிடும். அந்த ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பே கிடையாது. உங்கள் ஊரில் சமமான முற்றம் கிடைப்பது அரிது என்று தெரியும். இருந்தாலும் தேடுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும்.

ஆயிலை வடித்துவிட்டு, பின் மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாதீர்கள். கிரவுன் வீல் பல்லில் டயல் கேஜை (முள் காட்டும் நுண் அளவுகோல்) வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு பேக்லாஷ், அதாவது பல்லுக்குப் பல் இருக்கும் ஆட்டம், பாருங்கள். பொதுவாக 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்கும். மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. நாலு இடத்தில் பார்த்து எழுதி வையுங்கள். இந்தக் கணக்கு இல்லாமல் கழற்றினால் திரும்பப் போடும்போது எதையும் ஒப்பிட முடியாது.

ஆக்ஸில் ஷாஃப்ட் இரண்டும் வெளியே வரவேண்டும். ஹப்புக்குப் புல்லர் வாங்கிக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை போய்விடும். பிரேக் பிளேட்டுக்குப் பின்னால் மெல்லிய சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) இருந்தால் அந்தந்தப் பக்கத்தோடு கட்டி வையுங்கள்.

கிரவுனின் இரு பக்கப் பேரிங்கையும் பிடித்திருக்கும் பேரிங் கேப் இரண்டும் ஹௌசிங்கோடு (ஆக்ஸிலின் வெளிக்கூடு) சேர்த்துக் கடைந்தவை. இடம் மாறினால் பேரிங் ஒழுங்காக உட்காராது. சென்டர் பஞ்சால் இடது கேப்பிலும் ஹௌசிங்கிலும் ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி. கிரவுன் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், இரண்டு பேராகக் கம்பி போட்டு நெம்புங்கள். அடியில் மரக்கட்டை இருக்கட்டும். பினியன் நட்டை மட்டும் தொடாதீர்கள். கிரவுன் வெளியே வந்த பிறகு பினியனைக் கையால் சுற்றுங்கள். வழவழவென்று சுற்றி, முன்பின் ஆட்டம் இல்லாவிட்டால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

கோத்தகிரி ஜீப்
அண்ணா, மச்சானும் நானுமாக இறக்கிவிட்டோம். பேக்லாஷ் நாலு இடத்திலும் 0.20ஐ ஒட்டி. கிரவுன் பல்லில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை. பினியனும் வழவழவென்று சுற்றுகிறது. ஆனால் வலது பக்க பேரிங்கைக் கழுவி வெயிலில் காட்டினால் ரோலர்களில் அம்மைத் தழும்பு போலக் கறுப்புப் புள்ளிகள். விரலில் வைத்து உருட்டினால் மணல் அரைகிற மாதிரி இருக்கிறது. பிரீதர் முழுக்கச் சேறு. பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

மேட்டுப்பாளையம் மெக்கானிக்
போதும், ஆனால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், வெளி ரேஸோடு (வெளி வளையம்). அதைப் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள், வீட்டில் அடித்து ஏற்ற வேண்டாம். புது பேரிங் உயரத்தில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பேக்லாஷ் மாறிவிடும். பேரிங்கோடு இருந்த பழைய சிம்மை அதே பக்கம் போட்டு மறுபடி அளந்து, பல்லில் புளூ (தடம் காட்டும் நீல மை) தடவிச் சுற்றிப் பாருங்கள். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். ஆக்ஸில் சீல் இரண்டும் புதுசு. கியர் ஆயில் இ.பி. 90. மூடுவதற்கு முன் ஹௌசிங்கின் குழாய்க்குள் துணி விட்டு இழுத்துத் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

கோத்தகிரி ஜீப்
முடிந்தது அண்ணா. பேக்லாஷ் 0.18, தடம் நடுவில் விழுந்தது. பிரேக் லைனில் காற்று எடுத்தாயிற்று. பிரீதருக்கு ரப்பர் குழாய் மாட்டி மேலே சேசிஸில் கட்டியிருக்கிறேன். நேற்று முழு லோடோடு கட்டபெட்டு வரை போய் வந்தேன், உறுமல் இல்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வடித்து நிறம் எப்படி என்று இங்கே எழுதுகிறேன்.