சனிக்கிழமை நேர்காணல், கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம். தற்கொலைத் தடுப்புக்காக 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பில் தன்னார்வலராகச் சேர விண்ணப்பித்திருந்தேன். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலைக்கான இன்டர்வியூ நாலைந்து பார்த்தவள்தான். இதற்கு என்ன தயார் செய்வதென்றே பிடிபடவில்லை. ரெஸ்யூமேயைத் தூக்கிக்கொண்டு போவதா?

அங்கே அறிவுரை சொல்வதல்ல, குறுக்கிடாமல் காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை என்று தெரியும். என் சிக்கலே அதுதான். யாராவது அழுதால் "விடுப்பா, எல்லாம் சரியாயிடும்" என்று வாய் முந்திவிடும் (அம்மாவிடமிருந்து வந்த பழக்கம்). இதை மறைக்காமல் சொல்லலாமா? இரண்டு வருடம் முன்பு தோழி ஒருத்தியைத் தற்கொலையில்தான் இழந்தேன். "ஏன் வர்றீங்க?" என்று கேட்டால் அதைச் சொல்வதா, இல்லை, இவளுக்கே இன்னும் ஆறவில்லை என்று நினைப்பார்களா?

உதவி எண்களில் உட்கார்ந்து பேசிய அனுபவம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.