தினமும் போடும் பிளாட்டினம் மோதிரம்: மீதி 5% என்னன்னு யாராவது கேட்டீங்களா?

பைபாஸ் ரைடர்:

கல்யாணத்துக்கு எடுத்த ஜோடி மோதிரம். ரெண்டுலயும் உள்பக்கம் 950 முத்திரை இருக்கு. அவளோடது ஒத்தைக் கல், என்னோடது வெறும் பட்டை. நான் கழற்றி வைக்கிற ஆள் இல்லை. பைக் கிளட்ச், ஜிம், கார் கழுவுறது எல்லாம் அதோடதான். டம்பெல் பிடியில் வழுக்காம இருக்க குறுக்குக் கோடு வெட்டியிருப்பாங்களே, அந்த அச்சு உள்ளங்கைப் பக்கம் அப்படியே பதிஞ்சிடுச்சு. லென்ஸ் வெச்சுப் பார்த்தா ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு பக்கமும் வரப்பு கட்டின மாதிரி உலோகம் எழும்பி நிக்குது. என் நண்பனும் அதே ஜிம், அவன் மோதிரத்துலயும் அதே 950. அவனுக்கு லேசா மங்கினதோட சரி. கடையில் கேட்டா, "எல்லாம் ஒரே பிளாட்டினம்தான் சார்"ங்கிறாங்க. அப்படியா?

கொங்குத் தங்கம்:

ஒரே பிளாட்டினம்தான் தம்பி, ஆயிரத்துக்கு 950 பங்கு வரைக்கும். மோதிரத்தோட குணத்தை முடிவு பண்றது மீதி 50 பங்கு. கோயம்புத்தூரில் பட்டறை வெச்சிருக்கேன், கைப்பட்ட கதையைச் சொல்றேன்.

சுத்த பிளாட்டினம் ரொம்ப மெதுசு. அதனால இரிடியம், ருத்தீனியம், கோபால்ட்னு ஏதாவது ஒண்ணைச் சேர்ப்பாங்க. விக்கர்ஸ்னு ஒரு கடின அளவு இருக்கு, எண் கூடக் கூட உலோகம் கெட்டி. அந்தக் கணக்கில் 5% இரிடியம் சேர்த்தது 80 பக்கத்தில் நிக்கும். 5% ருத்தீனியம் 130 வாக்கில், கோபால்ட் அதைவிடக் கொஞ்சம் மேல. முத்திரை மூணுக்கும் ஒண்ணுதான்! உங்களோடது இரிடியமாவும் நண்பரோடது ருத்தீனியமாவும் இருந்தா நீங்க சொல்றது கணக்காப் பொருந்தும். ருத்தீனியம் கலந்ததைக் குழாயா இழுத்து லேத்தில் கடைஞ்சா பட்டை மோதிரம் நல்லா வரும். இரிடியம் கைவேலைக்குச் சொன்னபடி வளையும். கையில் போட்ட பிறகும் கொஞ்சம் வளையும், அதான் சிக்கல்.

கோபால்ட் கதை தனி. ஒருத்தர் மோதிரத்தைக் கொண்டு வந்து மேஜையில் வெச்சு, பக்கத்தில் ஒரு நியோடிமியம் காந்தத்தை வெச்சார். மோதிரம் லேசா நகர்ந்துச்சு. "பாருங்க, இரும்பு கலந்து ஏமாத்திட்டாங்க"ன்னு ஒரே சத்தம். டெஸ்டிங்குக்கு அனுப்பினோம். பிளாட்டினம் 950க்குக் குறையவே இல்லை, மீதி கோபால்ட். கோபால்ட் சேர்ந்தா காந்தம் கொஞ்சம் இழுக்கும், அது கலப்படம் இல்லை. அச்சில் உருக்கி ஊத்தும்போது மெல்லிசான இடத்துக்கெல்லாம் ஓடிப் பாயும், அதனால நுணுக்க டிசைனுக்கு அதை எடுப்பாங்க. அளவு மாத்தச் சூடு காட்டினா மேலே நீலமா படியும், துடைச்சு மெருகு போடணும். தெரியாத ஆள் பார்த்தா பயந்துடுவார்.

உங்க கீறலுக்கு வெறும் பஃப் போடச் சொல்லாதீங்க, உலோகம் தேயும். எழும்பி நிக்கிற கரையை முதல்ல பர்னிஷரால், அதாவது வழவழப்பான அழுத்துக் கருவியால், அழுத்தி உள்ளே தள்ளிட்டு, பிறகு லேசா மெருகு போதும். பிளாட்டினத்தில் கீறல் விழுந்தா உலோகம் பெரும்பாலும் ஒதுங்கித்தான் நிக்கும், உதிர்ந்து போகாது. இதுக்குத் தங்க வேலை மட்டும் செய்ற பட்டறைக்குப் போகாதீங்க. தங்கம் 1064 டிகிரியில் உருகும், இது 1768. அடுப்பும் கருவியும் வேற, தங்கத்தூள் பட்டாலே பத்தவைக்கும்போது தொல்லை.

ஜெர்சி அத்தை:

நான் நியூஜெர்சியில் இருக்கேன். இங்கே பழைய நகைக் கடைகளில் "10% இரிட் பிளாட்"னு முத்திரை போட்ட மோதிரங்களைப் பார்க்கலாம். 90 பிளாட்டினம், 10 இரிடியம். 5% கலந்ததைவிட இது கெட்டி, விக்கர்ஸில் 110 வாக்கில் வரும். இப்பவும் இந்த ஊரில் இது சகஜம். ஜப்பானிலும் 900 ஓடுது, ஆனா அங்கே பெரும்பாலும் பல்லேடியம் கலப்பு. 950க்குக் கீழேன்னா மட்டம்னு நம்ம ஆட்கள் நினைக்கிறாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்லைப் பிடிக்கிற கால் வளையாம இருக்கணும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு: பிளாட்டினத்தை ஒட்டியே அம்மா கொடுத்த 22 கேரட் மோதிரத்தையும் அதே விரலில் போட்டிருந்தேன். தங்கத்தோட ஓரம் பள்ளமாத் தேஞ்சு போச்சு. பிளாட்டினத்துக்கு ஒண்ணும் ஆகலை. இப்ப ரெண்டும் வேற வேற கையில்.

பைபாஸ் ரைடர்:

எக்ஸ்-கதிர் விட்டு என்ன உலோகம் கலந்திருக்குன்னு காட்டுற எக்ஸ்ஆர்எஃப் மெஷினில் வெச்சுப் பார்த்தாச்சு. என்னோடது இரிடியம், அவனோடது ருத்தீனியம். அவளோடது கோபால்ட், காந்தத்தில் லேசா அசையுது! பத்தர் அண்ணே, மாத்தி எடுத்தா இரிடியம், ருத்தீனியம்னு பார்த்து விலை குறைப்பாங்களா?

கொங்குத் தங்கம்:

பொதுவா எடையையும் 950ங்கிற தரத்தையும்தான் பார்ப்பாங்க. ஆனா வாங்கின கடையைத் தவிர வேற கடையில் பிளாட்டினத்தைத் திரும்ப எடுக்கிறது குறைவு, செய்கூலியும் போயிடும். மாத்தாதீங்க. பட்டையை மேட் பினிஷா பண்ணிக் கேளுங்க, டம்பெல் கோடு கண்ணுக்கே தெரியாது. அடுத்ததா எடுக்கும்போது பில்லில் "950 ருத்தீனியம்"னு எழுதி வாங்குங்க.