மகளுக்கு டிஜிட்டல் பியானோ: யமஹா பி-145ஆ, ரோலண்ட் எஃப்பி-10ஆ?

வணக்கம் நண்பர்களே. என் மகள் இரண்டு வருடமாக 61 கட்டை கீபோர்டில் பியானோ பழகுகிறாள். இப்போது டிரினிட்டி இசைத் தேர்வில் கிரேடு 3. வீட்டில் அழகாக வாசிப்பவள், டீச்சர் வீட்டு பியானோவில் உட்கார்ந்ததும் திணறுகிறாள். போன வாரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் கட்டையைத் தொடுகிறது, ஆனால் சத்தமே வரவில்லை. எங்கள் கீபோர்டில் ஸ்பிரிங் கட்டைகள்தான், எடையே கிடையாது. குழந்தை மேல் தப்பில்லை.

அதனால் எடை வைத்த 88 கட்டைகள் உள்ளதைத்தான் வாங்கப் போகிறேன். இரண்டையும் கடையில் தொட்டுப் பார்த்தோம். ரோலண்டின் கட்டை எனக்குப் பிடித்திருந்தது. மெல்ல அழுத்தினால் பாதியில் நிஜப் பியானோ போல ஒரு சின்னத் தடை தெரிகிறது. யமஹா கொஞ்சம் லேசு. ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரங்கள் ரோலண்டில் 96, யமஹாவில் 64. இந்த கிரேடுக்கு அது பெரிய விஷயமில்லை என்றே நினைக்கிறேன்.

பத்து வயது விரல்களுக்கு ரோலண்ட் கனமாக இருக்குமா? அப்புறம், நாங்கள் இருப்பது அபார்ட்மென்ட் இரண்டாம் மாடி. ஹெட்போன் போட்டாலும் கட்டை தட்டும் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்குமா? எக்ஸ் வடிவக் கால் உள்ள ஸ்டாண்ட் ஆடுமா, மர ஸ்டாண்டே வாங்கிவிடலாமா? வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.