வில்லுப்பாட்டு மிக்ஸ்: காதை நம்பி ஈக்வலைசர் திருகுவது எப்படி?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டை மிக்ஸ் செய்கிறேன்.

பல்டெக் என்ற பழைய கருவியின் பாணியில் செய்த ஹார்டுவேர் ஈக்வலைசர் (ஒலியின் அடி, உச்சியைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பெட்டி) ஒன்று இரவலாகக் கிடைத்தது. திரையும் இல்லை, வளைகோடும் இல்லை, காதுதான் எல்லாம். அடி ஒலியான 60 ஹெர்ட்ஸில் பூஸ்ட் (கூட்டல்), கட் (குறைத்தல்) இரண்டையும் சேர்த்துத் திருகினால் ஒன்றையொன்று அழித்துவிடும் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. இரண்டின் வளைவும் ஒரே இடத்தில் விழாததால் அடி கனத்து, அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளம் விழுகிறது. குடத்துக்கு அது பிரமாதம். அந்த 'தொம்' நெஞ்சில் வந்து இறங்குகிறது!

ஆனால் ராத்திரி இனித்தது காலையில் மந்தமாக இருக்கிறது. வில்லில் கட்டிய மணிகளுக்காக 10 கிலோஹெர்ட்ஸைக் கூட்டினால் முதன்மைப் பாடகரான புலவரின் 'ச' காதைக் குத்துகிறது. சத்தம் கூடியதைத்தான் நல்லது என்று நம்பிவிட்டேனோ என்று பைபாஸோடு (ஈக்வலைசர் படாத ஒலியோடு) ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டேன். பாதி மாயம் அங்கேயே போய்விட்டது.

மொத்தமே இரண்டு மைக்; குடம், மணி, குரல் எல்லாம் ஒன்றாகத்தான் விழுந்திருக்கின்றன. பெட்டியும் ஒற்றைச் சேனல், குமிழைத் தொடாமல் இடது, வலது என்று இரண்டு முறை ஓட்டுகிறேன்.

மணியைக் கூட்டாமல் வேறு எங்கே குறைத்தால் அது தெளியும்? காது சலிக்குமுன் எவ்வளவு நேரம் திருகுவீர்கள்? அப்புறம், பெட்டியை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.