துணி உலர்த்தி சுழல்கிறது, ஆனால் சூடாகவில்லை

கேள்வி (மயிலாடுதுறை):
ஐப்பசி அடைமழையில் கொடியில் துணி காயாததால் மின் உலர்த்தியையே நம்பியிருக்கிறோம். சில நாள்களாக உருளை வழக்கம்போல் சுழன்றாலும் உள்ளே வெப்பம் சிறிதும் எழவில்லை. கைக்குழந்தையின் துணிகள் ஈரமாகவே வெளிவருகின்றன. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மறுமொழி (கும்பகோணம்):
வணக்கம். வெப்பமில்லாத ஓட்டம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பஞ்சு வடிகட்டியையும் காற்று வெளியேறும் குழாயையும் துப்புரவாக்குங்கள். அங்கே பஞ்சு அடைத்துச் சூடான காற்றுக்கு வழியில்லாமல் போகும்போதுதான் பெரும்பாலும் வெப்பக் காப்பு ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாகம்) போய்விடுகிறது, பல மாடல்களில் அதன்பின்னும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவி அந்த ஃபியூஸில் தொடர்ச்சி (மின்சாரம் செல்ல அறுபடாத வழி) காட்டாவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அதைக் கம்பியால் இணைத்து ஓட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மறுமொழி (திருவாரூர்):
ஃபியூஸ் நன்றாக இருந்தால், ஹீட்டர் சுருளின் இணைப்பைக் கழற்றி மின்தடையை அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் இயங்கும் 2000 வாட் சுருள் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
வடிகட்டி சுத்தமாகவே இருந்தது. பின்புறக் குழாய்தான் முழுக்க அடைத்திருந்தது. ஃபியூஸிலும் தொடர்ச்சி இல்லை. அதே வெப்ப அளவு குறித்த புதிய ஃபியூஸை வாங்கி மாற்றுகிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.