‘இன்ஃபெர்னோ’வில் தோண்டும் கிணறு நிஜத்தில் இருந்ததா?

குமிழ்த்திரை:
போன வாரம் காய்ச்சலில் படுத்திருந்தபோது பிரிட்டிஷ் அறிவியல் புனைவு டிவி தொடரான ‘டாக்டர் ஹூ’வின் பழைய கதைகளில் ஒன்றான ‘இன்ஃபெர்னோ’ பார்த்தேன். 1970-இல் வந்தது. ஏழு பாகத்தையும் ஒரே மூச்சில் முடித்தேன். பூமியின் மேலோட்டைத் துளைத்துக்கொண்டே போகிறார்கள். குழாயில் பச்சையாக ஏதோ கசிகிறது, தொட்டவன் மிருகமாகிவிடுகிறான். மிருகத்தை விடுங்கள், பூமியைத் துளைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது?

பழைய ரிக்:
செய்தியில் இருந்துதான் தம்பி. நான் எண்ணெய்க் கிணறுகளில் 22 வருடம் மட் இன்ஜினியராக (துளைக்குள் செலுத்தும் சேற்றுக் குழம்பைப் பார்த்துக்கொள்பவன்) இருந்தவன், இந்தக் கதை என்றால் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

மேலோடும் அதற்குக் கீழேயுள்ள மேன்டில் என்ற பாறை அடுக்கும் சந்திக்கும் எல்லைக்கு மோஹோ என்று பெயர். அதுவரை துளை போடுவதுதான் அமெரிக்காவின் மொஹோல் திட்டம். நிலத்தில் மேலோடு முப்பது நாற்பது கிலோமீட்டர் தடிமன், கடலுக்கடியில் ஆறேழுதான். அதனால் 1961-இல் மெக்சிகோவின் குவாடலூப்பே தீவருகே கப்பலில் போய் நின்றார்கள். சுமார் 3,500 மீட்டர் தண்ணீர், அதற்குக் கீழே 183 மீட்டர் துளை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த ஆழத்தில் நங்கூரம் வேலைக்கு ஆகாது; நாலு மோட்டார்களை வைத்தே கப்பலை ஓரிடத்தில் நிறுத்தினார்கள். இன்றைய ஆழ்கடல் துளைக்கப்பல்கள் நிற்பதும் அந்த வித்தையில்தான். அப்புறம் செலவு எகிறியது, 1966-இல் அமெரிக்க காங்கிரஸ் பணத்தை நிறுத்திவிட்டது. கதாசிரியர் டான் ஹாட்டனுக்குப் பொறி தட்டியது இந்தத் திட்டத்தில்தான். அவர்கள் பாதியில் விட்ட கிணற்றை இவர் தோண்டி முடித்தார்.

இன்னொரு கூத்து கேளுங்கள். முதல் பாகம் ஒளிபரப்பானது 1970 மே 9. மே 24-இல் சோவியத்தின் கோலா தீபகற்பத்தில் நிஜமாகவே ஒரு கிணறு தோண்ட ஆரம்பித்தார்கள். கதையில் இன்னும் நாலு பாகம் பாக்கி! 1989-இல் 12,262 மீட்டர். அடியில் 100 டிகிரி இருக்கும் என்று போனவர்களுக்கு 180 டிகிரி கிடைத்தது. அந்தச் சூட்டில் பாறை களி மாதிரி நெகிழ்ந்தது, மேற்கொண்டு போக முடியவில்லை.

செவ்வாய்க்காரி:
நிஜ அறிவியலில் இருந்து கதை பிறப்பது அந்தத் தொடரில் புதிதில்லை. 1966-இல் அந்தத் தொடரின் இயந்திர மனிதர்களான சைபர்மேன்களை உருவாக்கியவர்களில் ஒருவரான கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். உறுப்பு உறுப்பாக இயந்திரத்துக்கு மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மனிதன் மிஞ்சுவானா என்ற அவருடைய கவலைதான் அவை. மறுவருடமே கேப் டவுனில் முதல் இதய மாற்று நடந்தது.

குமிழ்த்திரை:
அருமை சார். அந்தப் பச்சைக் கசிவு?

பழைய ரிக்:
அது முழுக்க டிவிக்காரர்கள் கைவேலை. ஆனால் சிரிக்க மாட்டேன். என் முதல் நைட் டியூட்டியில் கேஸ் கலந்த மட் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது. கையில் இருந்த டீயை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். டிரில்லர் அண்ணன் ரிடையர் ஆகும்வரை என்னை ‘நுரை’ என்றுதான் கூப்பிட்டார்.